கங்காணியும் சேர்வர் கண்காணிப்பும்

கங்காணி, கண்காணிப்பு ரெண்டுக்கும் வேர் ஒன்றுதான். கண் வைத்துப் பார்க்கிறவர் கண்காணி. பேச்சில் தேய்ந்து கங்காணி ஆனார், துரைமாரும் அதையே அப்படியே தங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். வேறு ஊர்களில் 'மொனிட்டரிங்' என்பதற்குக் கண்காணிப்பு என்று எழுதினால் யாருக்கும் எதுவும் உறைக்காது. மலையகத்தில் அப்படியில்லை. ஹட்டன் பக்கத்துப் பாட்டி ஒருவரிடம் போய் "கொழும்புல சேர்வர் கண்காணிக்கிற வேலை பாக்குறேன்"னு சொல்லிப் பாருங்க. "அப்ப கங்காணி வேலையா தம்பி?"ன்னு கேட்டா அதுல தப்பே இல்லை.

அந்தக் கேள்வியைச் சிரிச்சுத் தள்ளாமல் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்கலாம். சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எங்கே நிறுவுவது, எதை எண்ணுவது, எண்ணிய கணக்கு யார் கைக்குப் போவது, எண்ணுகிறவருக்கு எத்தனை சாவி கொடுப்பது என்று இன்றைக்கு டெவொப்ஸ் ஆட்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் நம்ம ஆட்கள் பெரட்டுக்களத்தில் நின்று பார்த்தவர்கள்.

விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். செக்ரோலில் பேர் பார்க்கப்படும். வந்தவருக்குப் பேர் விழும், வராதவருக்கு விழாது. பிறகு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, நிறுவைக்குக் கொண்டுவந்து கொட்டினால், குறித்த கிலோ வராதவருக்கு அரைப்பேர். இதைக் கணினி மொழியில் சொல்லப்போனால் மூன்றே விசயம்தான். குறித்த நேரத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுப் பார். பதில் வராததைக் குறித்து வை. அளவு ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால் குரல் கொடு. உலகத்தில் இருக்கிற எந்த சேர்வர் மொனிட்டரிங் மென்பொருளும் அடிப்படையில் இந்த மூன்றைத்தான் செய்கிறது.

ஆனால் தோட்டத்துக் கணக்கில் ஒரு கோணல் இருந்தது. வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு சதம் என்று தலைக்கங்காணிக்குக் காசு கிடைத்தது. காய்ச்சல்காரரையும் களத்துக்கு இழுத்து வருவதில் அவருக்கு லாபம் இருந்தது. அதற்கு மேல் துண்டு முறை. தொழிலாளியின் கடனை ஒரு காகிதத் துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தக் கடனைக் கட்டும் தோட்டத்துக்குத்தான் ஆளை விடுவார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. தராசுச் சண்டை இன்னும் ஓயவில்லை. சாக்குக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழிக்கிற கிலோ எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது என்று தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்ததும், பல தோட்டங்களில் சண்டை சம்பளத்தை விட்டுக் கிலோவுக்கு மாறியது. கோட்டை எங்கே போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இப்போது இயந்திரங்களின் பக்கம் வருவோம். அங்கே கதை வேறு மாதிரித் தொடங்குகிறது.

1983 டிசம்பர். அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை பார்த்த மைக் மூஸ், வலையமைப்பில் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தார். அதற்காக ஒரு சின்ன நிரலை எழுதினார். தூரத்து இயந்திரத்துக்கு ஒரு சத்தம் போடும், எதிர்ச்சத்தம் எத்தனை நேரத்தில் திரும்பி வருகிறது என்று பார்க்கும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனாரின் ஓசையை வைத்து 'பிங்' என்று பேர் வைத்தார். "இருக்கியா?" "இருக்கேன்." அவ்வளவுதான். இயந்திரங்களின் முதல் பெரட்டு என்று சொல்ல எனக்கு ஆசை, ஆனால் அதற்கு முன்னாலும் தொலைபேசிக் கம்பனிகள் தங்கள் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வித்தியாசம் என்னவென்றால், பிங்கை யார் வேண்டுமானாலும் தன் கணினியில் தட்டலாம். இன்றும் அதே கட்டளைதான், உங்கள் லெப்டொப்பிலும் இருக்கிறது.

இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்தால் போதாது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்றும் தெரிய வேண்டும். 1988இல் எஸ்.என்.எம்.பி. என்ற பொது நெறிமுறை வந்தது. ரவுட்டரோ சுவிட்ச்சோ, எந்தக் கம்பனி செய்ததாக இருந்தாலும் ஒரே மொழியில் கேள்வி கேட்டு எண்ணை வாங்கலாம். 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மொன்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டோபி ஓட்டிக்கர் என்ற சுவிஸ்காரருக்கு ஒரு தொல்லை. வெளியுலகத்துக்குப் போகிற இணைப்பு வெறும் 64 கிலோபிட் லைன் ஒன்றுதான். "ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ரவுட்டரிடம் எண்ணைக் கேட்டுப் படமாக வரைந்து இணையப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கேட்கிற ஆட்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் அதை எம்.ஆர்.டி.ஜி. என்ற பேரில் இலவசமாக வெளியிட்டார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். எண்ணுகிறவர் எண்ணை ஒளித்து வைக்கவில்லை, எல்லாருக்கும் தெரிகிற சுவரில் மாட்டினார். செக்ரோல் ஒருநாளும் அப்படி மாட்டப்பட்டதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈதன் கால்ஸ்டட் 1996இல் எழுதிய முதல் நிரல் இன்னும் எளியது. சேர்வருக்குப் பிங் அடிக்கும், பதில் வராவிட்டால் பேஜருக்கு எண் ஒன்றை அனுப்பும். 1999இல் அதை வளர்த்து 'நெட்செயின்ட்' என்று வெளியிட்டார். பேரில் வணிகச் சிக்கல் வந்ததால் 2002இல் அது 'நேகியோஸ்' ஆனது. லத்வியாவின் ரீகா நகரில் வங்கி ஒன்றில் சேர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அலெக்சி விளாடிஷெவ் 1998இல் தொடங்கியது 'சபிக்ஸ்'. 2001இல் அதையும் திறந்த மூலமாகப் பொதுவில் வைத்தார். கவனிச்சுப் பாருங்க, இவங்க யாரும் மேலே நின்று ஏவுகிற துரை இல்லை. சேர்வர் விழுந்தால் நடுச்சாமத்தில் எழுந்து ஓட வேண்டியவர்கள். தங்கள் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எழுதினார்கள்.

தமிழ் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, நம்ம பக்கம் அது அவ்வளவாகத் தெரியாது. சோஹோ என்றதும் மின்னஞ்சல், கணக்கு மென்பொருள்தான் ஞாபகத்துக்கு வரும். 1996இல் அது அட்வென்ட்நெட் என்ற பேரில் தொடங்கியபோது செய்தது எஸ்.என்.எம்.பி. வேலைதான். வலையமைப்புக் கருவி செய்கிற கம்பனிகளுக்கு, அந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளைச் சென்னையில் இருந்து எழுதிக் கொடுத்தார்கள். 2001 வாக்கில் தொலைத்தொடர்புச் சந்தை சரிந்து, வாங்க ஆள் இல்லாமல் போனபோதுதான், அதே அனுபவத்தைச் சாதாரண அலுவலகங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றி 'மேனேஜ்எஞ்சின்' கொண்டுவந்தார்கள். சோஹோ கோர்ப்பரேஷன் என்று பேர் மாறியது 2009இல். சேர்வர் கண்காணிப்புச் சந்தையில் அவர்கள் இன்றைக்கும் பெரிய கை.

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு சேர்வர், ஒரு பேர், ஒரு முகவரி என்றிருந்த காலம். கொண்டெய்னர் வந்ததும் இந்தக் கணக்கு குழம்பியது.

கொண்டெய்னர் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த கப்பல் பெட்டிப் படம் போடுவார்கள். நமக்கு அது வேண்டாம், லயம் போதும். தனி வீடு என்றால் தனிக் கூரை, தனி அத்திவாரம். கணினியில் அதற்கு வேர்ச்சுவல் மெஷின் என்று பேர், ஒவ்வொன்றும் முழு இயங்குதளத்தையும் தனக்கென்று வைத்திருக்கும். லயத்தில் காம்பரா தனித்தனி, இஸ்தோப்பில் கதவும் தனித்தனி, ஆனால் கூரை ஒன்று. கொண்டெய்னரும் அப்படித்தான். ஒவ்வொரு செயலிக்கும் தனிக் காம்பரா, எல்லாத்துக்கும் மேலே ஒரே லினக்ஸ் கெர்னல். செலவு குறைவு, அடுக்குவது சுலபம். ஒரு காம்பராவில் தீப் பிடித்தால் கூரை வழியாக எல்லாத்துக்கும் பரவும் என்பதும் அப்படியே பொருந்தும்.

இந்தத் தடுப்புச் சுவர்கள் ஒரே நாளில் எழும்பவில்லை. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ஒரு செயலியைக் கோப்புகளின் ஒரு மூலைக்குள் அடைக்கும் வசதி வந்தது. 2000இல் ஃப்ரீபிஎஸ்டியில் 'ஜெயில்' வந்தது. கூகிள் பொறியியலாளர்கள் 2006இல் தொடங்கிய சிகுரூப், 2008 ஜனவரியில் லினக்ஸ் கெர்னலுக்குள் சேர்ந்தது. ஒரு கூட்டம் செயலிகளுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு சிபியு என்று பங்கு பிரிக்கிற வேலை அதனுடையது. 2013இல் சொலமன் ஹைக்ஸ் டொக்கரை அறிமுகப்படுத்தியபோது இந்தச் சாமான்கள் ஏற்கெனவே இருந்தன. டொக்கர் அவற்றை யாரும் ஒரு கட்டளையில் பாவிக்கிற மாதிரி ஆக்கியது.

கண்காணிக்கிற மென்பொருளை இந்தக் காம்பராவுக்குள் நிறுவினால் என்ன நடக்கும்? இங்கேதான் வேடிக்கை. 512 மெகாபைட் மட்டும் கொடுத்த ஒரு கொண்டெய்னருக்குள் போய் "எவ்வளவு நினைவகம் இருக்கு?" என்று வழக்கமான கட்டளையால் கேட்டால், 64 கிகாபைட் என்று முழு சேர்வரின் கணக்கைச் சொல்லும். நினைவகக் கணக்கை எழுதி வைக்கிற 'புரொக்' கோப்பு காம்பராவுக்கு ஏற்ற மாதிரிப் பிரிக்கப்படவில்லை, அது லயம் முழுதுக்கும் ஒன்றுதான். ஜாவா செயலிகள் இதனால் செத்த கதை பிரசித்தம். பழைய ஜாவா, முழு சேர்வரின் நினைவகத்தில் கால்வாசி தனக்கு என்று நினைத்துக்கொண்டு விரியும். சிகுரூப் போட்ட எல்லையைத் தாண்டியதும் கெர்னல் அதைக் கொன்றுவிடும். பதிவேட்டில் செயலி கடைசியாகச் சொன்ன வார்த்தைகூட இருக்காது. கொண்டெய்னரின் எல்லையைத் தானே வாசிக்கிற ஜாவா 10 வந்தது 2018 மார்ச்சில்.

அதனால்தான் சேர்வர் முழுவதையும் பார்க்கிற ஏஜென்டைக் கொண்டெய்னரில் நிறுவும்போது, வெளியே இருக்கிற உண்மையான 'புரொக்', 'சிஸ்' அடைவுகளையும் கோப்புமுறையின் வேரையும் உள்ளே காட்ட வேண்டியிருக்கிறது. வாசிக்க மட்டும், எழுத அல்ல என்று கட்டளையிலேயே போட வேண்டும். புரொமித்தியஸின் நோட் எக்ஸ்போர்ட்டரை உருவாக்கியவர்கள் இன்னும் நேராகச் சொல்கிறார்கள்: இது சேர்வரைப் பார்க்கிற சாமான், கொண்டெய்னரில் போடுவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும், போட்டே ஆகணும் என்றால் இந்த இந்த வழிகளைத் திறந்து விடுங்கள். காம்பராக்களைத் தனித்தனியாக எண்ண வேண்டும் என்றால் அதற்குக் கூகிளின் சிஅட்வைசர் போன்றவை இருக்கின்றன. அவை சிகுரூப்பின் கணக்கையே நேராக வாசிக்கும்.

புரொமித்தியஸ் பிறந்தது 2012இல், சவுண்ட்கிளவுட் என்ற இசைக் கம்பனியின் பெர்லின் அலுவலகத்தில். மாட் பிரவுட், ஜூலியஸ் வோல்ஸ் என்ற ரெண்டு பேர், கூகிளில் இருந்து வந்தவர்கள், அங்கே பார்த்துப் பழகிய கருவி மாதிரி ஒன்று இங்கே இல்லையே என்று எழுதத் தொடங்கினார்கள். 2015 ஜனவரியில் ஊருக்குச் சொன்னார்கள். அதன் வழி பெரட்டு வழி. ஏஜென்ட் தானாக வந்து கணக்கைக் கொட்டுவதில்லை. புரொமித்தியஸ்தான் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு எண்ணை வாங்கும். ஆனால் கொண்டெய்னர் உலகத்தில் பட்டியல் நிலையாக இருக்காது. காலையில் பிறந்த கொண்டெய்னர் மத்தியானம் செத்துப்போகும், வேறு முகவரியில் வேறொன்று எழும்பும். நேகியோஸ் காலத்து வழக்கப்படி ஒவ்வொரு சேர்வரின் பேரையும் கோப்பில் கையால் எழுதிக்கொண்டிருந்தால் நாள் முழுக்க அதே வேலைதான். அதனால் குபர்நெட்டிஸ் போன்றவற்றிடம் "இப்ப யார் யார் இருக்காங்க?" என்று கேட்டுப் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வழியைப் புரொமித்தியஸில் வைத்தார்கள். செக்ரோல் தன்னைத் தானே எழுதிக்கொள்கிறது.

சாவி விசயத்துக்கு வருகிறேன். கொண்டெய்னர்களைப் பார்த்துக்கொள்ளும் பல மென்பொருள்கள், டொக்கரின் சொக்கெட் கோப்பை உள்ளே விடச் சொல்லிக் கேட்கும். வழிகாட்டியில் இருக்கிற ஒரு வரிதான், நாமும் யோசிக்காமல் ஒட்டிவிடுவோம். அந்தச் சொக்கெட்டோடு பேச முடிகிறவர் சேர்வரில் புதிய கொண்டெய்னரை எழுப்பலாம், அதற்குள் முழு வட்டையும் இணைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் அது ரூட் அதிகாரம். கோப்பை வாசிக்க மட்டும் என்று இணைத்தாலும் அதன் வழியே போகும் கட்டளைகளை அது தடுக்காது, பலர் ஏமாறுகிற இடம் அது. எண்ணிப் பார்க்க வந்தவரிடம் எல்லாக் காம்பராச் சாவியையும் கொடுத்தது மாதிரி.

நடக்காத பயம் இல்லை இது. 2020 டிசம்பரில் வெளியே வந்த சோலர்விண்ட்ஸ் விவகாரம் நினைவிருக்கும். அவர்களின் ஒரையன் என்பது ஒரு கண்காணிப்பு மென்பொருள், பெரிய அரசு அலுவலகங்களும் கம்பனிகளும் நம்பி நிறுவியது. அதன் புதுப்பிப்புக்குள்ளேயே யாரோ ஓட்டை வைத்து அனுப்பிவிட்டார்கள். ஏறக்குறைய 18,000 நிறுவனங்கள் அந்தப் புதுப்பிப்பைத் தாங்களாகவே இறக்கிக்கொண்டன. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று எல்லா இடத்துக்கும் வழி கொடுத்த மென்பொருள், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது.

அதே தொழில்நுட்பம் ஆட்கள் பக்கம் திரும்புவதையும் சொல்லாமல் விட முடியாது. கொவிட்டுக்குப் பிறகு வீட்டில் இருந்து வேலை செய்கிற நம்ம பிள்ளைகளின் லெப்டொப்பில், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திரையைப் படம் பிடிக்கிற, மவுஸ் அசைந்ததா என்று எண்ணுகிற மென்பொருள்களை நிறுவச் சொல்கிறார்கள். அசைவு குறைந்தால் அந்த மணித்தியாலத்துக்குக் காசு இல்லை. அரைப்பேர் இங்கே ஆங்கிலத்தில் வேறு பேரில் வருகிறது, அவ்வளவுதான். சேர்வருக்கு வைக்கிற அலாரம் அதைப் பராமரிக்கிறவருக்கு உதவி. ஆளுக்கு வைக்கிற அலாரம் யாருக்கு உதவி என்று நிறுவும் முன் கேட்கலாம். கேட்டால் வேலை போகும் என்றால், பாட்டி கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்றுதான் பதில் சொல்ல வேண்டிவரும்.

கடைசியாக நம்ம நாட்டுக் கதை ஒன்று. இலங்கை அரசாங்கத்தின் அலுவலகங்கள் பலவற்றின் மின்னஞ்சல், லங்கா கவர்மென்ட் கிளவுட் என்ற பொதுக் கிளவுட்டில் இருக்கிறது. அதை நடத்தியது தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகமான இக்டா. 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி அங்கே ரான்சம்வெயர் புகுந்தது. ஏறக்குறைய 5,000 மின்னஞ்சல் கணக்குகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று. சேவையைச் சில மணித்தியாலங்களில் திரும்ப எழுப்பிவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. நூறு நாளுக்கு மேல். பேக்கப்பும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதையும் பூட்டிவிட்டார்கள், வெளியே கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை.

ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. புதிய பதிப்புக்கு மாற 2021 முதல் திட்டம் இருந்தது, பணமும் முன்னைய சபைத் தீர்மானங்களும் அதைத் தாமதமாக்கின என்று இக்டாவே பிறகு விளக்கம் சொன்னது. நாடு எரிபொருளுக்கே வரிசையில் நின்ற காலம் அது, 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அந்த நிலைமையை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் பாருங்க, இங்கே எண்ண வேண்டியிருந்தவை சிபியு சூடோ நினைவக அளவோ இல்லை. கடைசியாக வெளியே கழற்றி வைத்த பேக்கப்புக்கு எத்தனை நாள் வயசு? ஓடுகிற பதிப்புக்கு உற்பத்தியாளரின் ஆதரவு இன்னும் எத்தனை நாள்? சபிக்ஸிலும் சரி, புரொமித்தியஸிலும் சரி, ரெண்டுக்கும் அலாரம் வைக்கிறது இருபது வரிக்குள் முடிகிற வேலை, மென்பொருளுக்குக் காசும் இல்லை. அலாரம் அடித்தால் எழுந்து பதில் சொல்ல ஒரு ஆளின் பேர் மட்டும் அதற்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் 2013க்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆம் திகதி முடிகிறது என்று மைக்ரோசொஃப்ட் வருடக்கணக்காக முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அந்தத் திகதிக்கும், தொலைந்துபோன மின்னஞ்சல்களின் முதல் நாளான மே 17க்கும் இடையில் 36 நாள்.